குளிர்கால விடுமுறையும் சிறுநீரக நோயாளியும்: பங்குமுறை விடுதிக்குப் புறப்படும் முன்

ஐப்பசி மழை இறங்கியதும் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைநீர் தேங்கும், வரப்புகள் கரையும். தை பிறந்து, நிலம் காய்ந்து, மீண்டும் பாத்தி திருத்தத் தொடங்கும் வரை அளங்கள் ஓய்ந்து கிடக்கும். உப்பைச் சார்ந்து வாழும் குடும்பங்களுக்கு ஆண்டில் ஓய்வு என்று ஒன்று வாய்ப்பது இந்த இடைவெளியில்தான். கூலித் தொழிலாளிக்கு அது வருமானம் அற்ற காலம். குத்தகைதாரருக்கும் வணிகருக்கும் வெளியூர் செல்ல ஏற்ற காலம். பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் இதே காலத்தில் வருகின்றன. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் எங்கள் சிறுநீரகப் பிரிவின் புறநோயாளர் அறையில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "டாக்டர், ஒரு வாரம் வெளியூர் போய்வரலாமா?"

முன்பெல்லாம் இக்கேள்வி திருப்பதியையோ வேளாங்கண்ணியையோ குறித்ததாக இருக்கும். அண்மைக்காலமாக அது பெரும்பாலும் ஒரு ரிசார்ட்டையும், அதனருகே குழந்தைகளுக்கான ஒரு பொழுதுபோக்குப் பூங்காவையும் குறிக்கிறது. அந்த ரிசார்ட் பெரும்பாலும் 'டைம்ஷேர்' எனப்படும் பங்குமுறைத் திட்டத்தின்கீழ் முன்பதிவு செய்யப்பட்டதாக இருக்கிறது. இந்தியாவில் இம்முறை நமக்குப் புதிதன்று. சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் 1986 முதலும், மஹிந்திரா ஹாலிடேஸ் 1996 முதலும் இத்திட்டங்களை நடத்திவருகின்றன. ஒரு பெருந்தொகையைச் செலுத்தி உறுப்பினரானால், பல ஆண்டுகளுக்கு, பெரும்பாலும் 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் ஏழு இரவுகள் தங்கும் உரிமை கிடைக்கும். எந்தப் பருவத்தில் தங்கலாம், எத்தனை அறை என்பன செலுத்தும் தொகையைப் பொறுத்தவை. போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ஒன்று உண்டு.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்களைப் போன்ற மருத்துவர்களுக்குக் கவலை தருவது. நோயாளி ஒருவர் டயாலிசிஸைத் தவறவிட்டு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வரும்போது, அதன் பின்னணியில் 'கட்டிய பணம் வீணாகிவிடக் கூடாது' என்ற எண்ணம் இருப்பதை நாங்கள் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறோம்.

ஒரு குடும்பத்தின் இரண்டு விடுமுறைகள்

எங்கள் பிரிவில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் டயாலிசிஸ் பெறும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். அவர் உப்பளக் குத்தகைதாரர். வயது அறுபதை நெருங்குகிறது. குடும்பத்தாரின் இசைவுடன், அடையாளம் தெரியாவண்ணம் இங்கே எழுதுகிறோம். நோய் வருவதற்கு முன்பே அவருடைய மகன் ஒரு வணிக வளாகத்தில் வைத்திருந்த மேசையில் பெயர் கொடுத்து, இலவச விருந்துக்கு அழைக்கப்பட்டு, அங்கேயே பங்குமுறை உறுப்பினர் ஆகியிருந்தார். டயாலிசிஸ் தொடங்கிய முதல் ஆண்டு எங்கும் செல்லவில்லை. மறு ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்துக்கு, வெளிமாநில நகரம் ஒன்றின் புறத்தே, பூங்காவை ஒட்டிய விடுதியில் ஏழு இரவுகள் கிடைத்தன. தேதியை மாற்றக் கேட்டபோது, அந்தக் கட்டத்தில் ரத்து செய்தால் அவ்வாண்டின் இரவுகள் கழிந்துவிடும் என்று நிறுவனத்தார் கூறிவிட்டனர்.

எங்களிடம் அவர்கள் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்போம் என்று நினைத்தார்களாம். அந்த நினைப்பில் நியாயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போகவேண்டாம் என்று சொல்வது மருத்துவருக்கு மிக எளிது. அதனால் அடிக்கடி சொல்லிவிடுகிறோம்.

செவ்வாயன்று டயாலிசிஸ் முடித்துப் புதன்கிழமை புறப்பட்டனர். வியாழனும் சனியும் விடுபட்டன. அடுத்த செவ்வாய்க்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. ஞாயிறு இரவு அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். அவ்வூர் மருத்துவமனையில் அவசர டயாலிசிஸ் செய்து காப்பாற்றினர். அங்கிருந்து வந்த குறிப்பில், உலர் எடையைவிட ஆறரை கிலோ கூடுதல் என்றும், இரத்தத்தில் பொட்டாசியம் 7.1 என்றும் இருந்தது. அந்த அளவில் இதயம் எந்நேரமும் நின்றுவிடக்கூடும்.

அவர் திரும்பி வந்தபின் அவருடைய மனைவி சொன்னது இன்னும் எங்கள் நினைவில் இருக்கிறது: "நாலு வருஷத்துல நான் வீட்டு வாசல விட்டு வெளிய போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் டாக்டர். அதனாலதான் நானும் ஒத்துக்கிட்டேன்." அவ்வம்மையார் மேல் குற்றம் சொல்ல எங்களால் இயலவில்லை. வீட்டில் ஒருவருக்கு நீண்டநாள் நோய் என்றால், உடனிருப்பவருக்கும் ஓய்வு தேவை. விடுமுறை அக்குடும்பத்துக்கு ஆடம்பரம் என்று நாங்கள் கருதவில்லை. ஆகவே அதற்கடுத்த ஆண்டு அவர்களுடன் அமர்ந்து நாங்களே திட்டமிட்டோம். அத்திட்டத்தில் கற்றவற்றையே கீழே விரித்துரைக்கிறோம்.

முதலில் டயாலிசிஸ் நாள், பிறகு விடுதி நாள்

வாரம் மூன்றுமுறை டயாலிசிஸ் பெறுவோருக்கு வாரத்தில் ஒரு நீண்ட இடைவெளி உண்டு. செவ்வாய்–வியாழன்–சனி அட்டவணையில் இருப்பவருக்கு அது சனிக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்டது. 2011-இல் அமெரிக்காவில் சுமார் 32,000 டயாலிசிஸ் நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, இந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் இறப்பும் இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வதும் அதிகமாக இருப்பது தெரியவந்தது. ஒழுங்காக டயாலிசிஸ் பெறுவோரிடமே இந்நிலை. ஒருமுறை தவறவிட்டால் இடைவெளி நான்கு அல்லது ஐந்து நாளாகிறது. இரண்டு முறை தவறவிட்டால் ஏழு நாள். வாரம் இருமுறை மட்டும் டயாலிசிஸ் பெறுவோர் ஒன்றைத் தவறவிட்டாலே ஏழு நாளாகிவிடும். ஊருக்குப் போகும் முன் 'கூடுதலாக' ஒரு டயாலிசிஸ் செய்துகொண்டால் பின்வரும் இரண்டை விட்டுவிடலாம் என்று சிலர் கேட்கிறார்கள். நீரையும் பொட்டாசியத்தையும் முன்கூட்டியே எடுத்துவைக்க முடியாது. உடலில் அவை இனிமேல்தான் சேரப்போகின்றன.

எனவே எங்கள் நோயாளியின் குடும்பத்திடம் முதலில் கேட்டது, "எந்த ஊர்?" என்பதன்று, "ஏழு இரவுகளையும் ஒருசேரக் கழிக்க வேண்டுமா?" என்பது. பல திட்டங்களில் அவற்றைப் பிரித்துப் பயன்படுத்தலாம். மகன் கேட்டறிந்து வந்தார், முடியும் என்றனர். மூன்று இரவுகள் போதும் என்று முடிவாயிற்று. அடுத்து, இடம். மாமல்லபுரம் பக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி ஒரு விடுதி கிடைத்தது. மரக்காணத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். 'இவ்வளவு அருகிலா' என்று மகனுக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனால் இந்த அருகாமையால் ஒரு பெரும் சிக்கல் தீர்ந்தது: செவ்வாய் காலை அவர் எங்கள் பிரிவுக்கே வந்து டயாலிசிஸ் பெற்றுக்கொண்டு, மாலையில் விடுதிக்குத் திரும்பினார். மற்றவர்கள் அன்று கடற்கரைக் கோயிலைப் பார்த்தனர்.

பூங்காவுக்குச் செல்லும் நாளையும் டயாலிசிஸ் அட்டவணையே தீர்மானித்தது. டயாலிசிஸ் அன்று மாலை உடல் சோர்ந்திருக்கும். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கலாம். நீண்ட இடைவெளியின் இறுதி நாளில் நீர் கூடியிருக்கும். நடந்தால் மூச்சு வாங்கும். ஆகவே டயாலிசிஸுக்கு மறுநாள்தான் உகந்தது. அவர்களுக்கு அது புதன்கிழமையாக அமைந்தது. வார நாள் என்பதால் கூட்டமும் குறைவு. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு மூன்று நாள் விடுப்பு எடுக்க நேர்ந்தது. அதற்கு நாங்கள் பொறுப்பேற்கத் தயார்.

தொலைவான ஊருக்குச் சென்றே ஆகவேண்டுமாயின், அங்குள்ள டயாலிசிஸ் மையம் ஒன்றில் விருந்தினர் நோயாளியாக இடம்பெற வேண்டும். விடுதிக்கு முன்பதிவு செய்யும் முன்பே இது உறுதியாக வேண்டும். மையம் கிடைத்தபின் விடுதியைத் தேடுவதே சரியான வரிசை. விடுமுறைக் காலத்தில் மையங்களில் இருக்கை கிடைப்பது எளிதன்று. அம்மையம் உங்களிடம் கேட்கக்கூடியவை: கடைசி மூன்று டயாலிசிஸ் குறிப்புகள், உலர் எடை, டயாலிசிஸ் நேர அளவு, ஹெப்பாரின் அளவு, ஃபிஸ்டுலா எந்தக் கையில் என்ற விவரம், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம், அண்மையில் எடுத்த ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள். கடைசியில் சொன்ன பரிசோதனைகள் ஒரு மாதத்துக்குள் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்று பல மையங்கள் வலியுறுத்தும். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் வேண்டும் என்பதால் முன்னரே தெரிவித்தல் கட்டாயம். ஊர் திரும்பியபின் இப்பரிசோதனைகளை நாங்கள் மீண்டும் எடுப்போம். அதனைச் சந்தேகப்படுவதாகக் கொள்ள வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இங்கே கட்டணமின்றி டயாலிசிஸ் பெறுவோர், வெளியூரிலும் அவ்வாறே கிடைக்கும் என்று எண்ணிப் புறப்பட வேண்டாம். அம்மையத்திடம் கேட்டு, கட்டணம் உண்டென்றால் அத்தொகையையும் பயணச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரா, ஜனவரியா

பங்குமுறைத் திட்டங்களில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வரும் வாரத்துக்கே மதிப்பு அதிகம். அதற்கே கூடுதல் தொகை. நம் கடற்கரையில் வாழ்வோர் அந்த வாரத்துக்கு ஆசைப்பட வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் தொடர்கிறது. 2011-இல் தானே புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 30 அன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், விழுப்புரம் மாவட்டத்தில் சாலைகளும் இரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாளில் உலாப்போன இடத்தில் சிக்கிக்கொள்வது மற்றவர்களுக்குத் தொல்லை மட்டுமே. டயாலிசிஸ் நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை. ஜனவரி நடுவிலிருந்து வானம் தெளிந்துவிடும். பொங்கலை ஒட்டிய நான்கு நாள்களைத் தவிர்த்தால் பூங்காக்களிலும் நெரிசல் இராது.

மலைவாசத் தலங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இரத்தச்சோகை மிகுந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் அங்கே மூச்சு வாங்கக்கூடும். குளிரில் இரத்த நாளங்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயரும். வியர்வை குறைவதால், உப்பள வெயிலில் வெளியேறிவிடும் நீர் அங்கே உடலிலேயே தங்கும். இங்கே குடிக்கும் அளவு நீரையே அங்கும் குடித்தால், எடை விரைவாக ஏறும். ஏலகிரி போன்ற உயரம் குறைந்த மலைகளில் இத்தொல்லைகள் குறைவு.

பூங்காவுக்குள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். ஆகிய பூங்காக்கள் நம் பகுதியினருக்கு நெடுங்காலமாகப் பழகியவை. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லாவும் திறக்கப்பட்டது. எந்தப் பூங்காவானாலும் வேகமாகச் சுழலும், தலைகீழாகத் திருப்பும் சவாரிகளின் வாயிலில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்கும்: இதய நோய், உயர் இரத்த அழுத்தம், கருவுற்றிருத்தல், கழுத்து முதுகுக் கோளாறுகள் உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று. டயாலிசிஸ் நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு முதல் இரண்டும் உண்டு. நீரிழிவால் விழித்திரையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர்களும் குலுக்கும் சவாரிகளைத் தவிர்க்க வேண்டும். அப்பலகையில் இல்லாத, ஆனால் எங்கள் நோயாளிகளுக்குத் தேவையான சில செய்திகள் உள்ளன.

நுழைவாயிலில் பார்வையாளர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டுவார்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் அதனைக் கட்ட விடாதீர்கள். அக்கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் தவிர்க்கச் சொல்வதற்கு உரிய காரணமே இதற்கும். இருக்கையின் பாதுகாப்புக் கம்பியும் அக்கையை அழுத்தக் கூடாது. நாம் மேலே சொன்ன நோயாளி பிப்ரவரியில் எங்களிடம் காட்டிய புகைப்படத்தில், இராட்சத இராட்டினத்தின் அடியில் பேத்தியுடன் நிற்கிறார். பட்டை வலக்கையில் இருக்கிறது. ஃபிஸ்டுலா அவருக்கு இடக்கையில். அவருடைய மனைவி இராட்டினத்தில் இரண்டு முறை ஏறினாராம்.

கழுத்திலோ மார்பிலோ டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டவர்கள் நீர் விளையாட்டுகளில் இறங்கவே கூடாது. குழாய் நுழையும் இடம் நனைந்தால் கிருமி நேராக இரத்தத்தில் கலக்கும். வயிற்றுவழி டயாலிசிஸ் குழாய் உள்ளவர்களுக்கும் செயற்கை அலைக்குளம் ஏற்றதன்று. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தோலுக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது. சவாரியின் மடிக்கம்பி அழுத்துவது சரியாக அவ்விடத்தையே.

நீர்ப் பூங்காக்களில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சிமென்ட் தரையில் வெறுங்காலுடன் நடப்பது ஆபத்து. காயம்பட்டது மறுநாள்தான் தெரியும். இரப்பர் நீர்க்காலணி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, காரணத்தைச் சொல்லி அனுமதி பெறுங்கள். இரவில் அறைக்குத் திரும்பியதும், உடனிருப்பவர் பாதங்களை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடட்டும். இன்சுலினைக் காரின் பின்பெட்டியில் வைக்க வேண்டாம். விடுதி அறையின் சிறு குளிர்பெட்டியில் வைப்பதானால், உறையும் பகுதியை ஒட்டி வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயனற்றது.

நாள் முழுதும் நடந்த கால்வலிக்கு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதைப் பற்றி இங்கே தனியே எழுத வேண்டியிருக்கிறது. டயாலிசிஸ் நிலையை எட்டாத, சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்த நோயாளிகளுக்கு விடுமுறையில் நேரும் பெருங்கேடு இதுவே. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், போதிய நீர் அருந்தாத உடலில், எஞ்சியிருக்கும் சிறுநீரகத் திறனையும் சில நாள்களில் குறைத்துவிடலாம். பாராசிட்டமால் கையில் இருக்கட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் நீரிழிவு மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எவற்றை என்று புறப்படும் முன்பே எங்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுதிச் சாப்பாடு

உப்பு விளையும் ஊரில் உப்பைக் குறைக்கச் சொல்லும் சங்கடம் எங்களுக்கு நாள்தோறும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் எல்லாருக்குமே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகப் பரிந்துரைக்கிறது. அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. விடுதிகளில் வரிசையாக வைத்திருக்கும் விருந்தில், அந்த அளவு காலை உணவோடு முடிந்துவிடும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, சூப், சாஸ் ஆகியவற்றை விட்டுவிட்டு, இட்லியையும் சோற்றையும் பொரியலையும் எடுத்துக்கொள்ளலாம். உப்பு கூடினால் தாகம் கூடும். தாகத்தை மனவுறுதியால் வெல்ல இயலாது. சிறுநீர் கழியும் அளவுடன் அரை லிட்டரைக் கூட்டினால் கிடைப்பது ஒரு நாளைக்கான நீரளவு. காப்பி, மோர், இரசம், கஞ்சி யாவும் அதில் அடக்கம்.

விடுதியின் 'உடல்நல' உணவுப் பிரிவில் குறை சோடியம் உப்பு வைத்திருக்கிறார்கள் என்றால், அது மற்றவர்களுக்கு. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது.

பொட்டாசியத்தைப் பொறுத்தவரை, கடற்கரைச் சாலை நெடுகிலும் விற்கும் இளநீரே முதல் எதிரி. தை மாதத்தில் கரும்பும் வாழைப்பழமும் சேர்ந்துகொள்ளும். மலைப்பாதைகளில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் நட்சத்திரப் பழம், சில இடங்களில் தமரத்தம் பழம் என்பார்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நஞ்சு. ஒரு பழமே போதும்: நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுசெல்லும். பேரப்பிள்ளை ஒரு துண்டை ஊட்ட வந்தாலும் வாங்காதீர்கள்.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர்

இவர்களுக்குப் பயணத்தில் கூடுதல் விடுதலை உண்டு. மையத்தைத் தேட வேண்டியதில்லை. நாளொன்றுக்கு நான்கு பைகள் மாற்றுவோர் நான்கு நாள் பயணத்துக்குப் பதினாறு இரண்டு லிட்டர்ப் பைகளைக் கொண்டுசெல்ல வேண்டும். முப்பத்திரண்டு கிலோவுக்குக் குறையாத சுமை அது. அதற்கேற்ற வண்டியை ஏற்பாடு செய்யுங்கள், இரண்டு பைகள் உபரியாக இருக்கட்டும். விடுதியில் சன்னல் மூடக்கூடிய, தூசியற்ற அறையாகக் கேட்டுப் பெறுங்கள். பை மாற்றும்போது மின்விசிறியும் குளிர்சாதனமும் நின்றிருக்க வேண்டும். பணியாளர் உள்ளே வராதபடி கதவில் அட்டையை மாட்டிவிடலாம். வெளிவரும் நீர் கலங்கலாக இருந்தால் விடுமுறையை அங்கேயே முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கையெழுத்திடும் முன்

நீண்டநாள் நோயாளி உள்ள குடும்பம் பங்குமுறைத் திட்டத்தில் சேரலாமா என்று எங்களைக் கேட்பதுண்டு. நாங்கள் நிதி ஆலோசகர்கள் அல்லர். எனினும் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் குடும்பத்தில், அடுத்த ஓராண்டுக்கான உடல்நிலையைக் கூட உறுதியாகச் சொல்ல முடியாத ஒருவர் இருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்வோம். விருந்தளித்து விளக்கம் சொல்லும் இடத்தில் அன்றே கையெழுத்திட்டால் மட்டும் தள்ளுபடி என்பார்கள். வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.

நோயாளியின் குடும்பம் கேட்க வேண்டியவை விற்பனையாளர் தாமாகச் சொல்பவற்றினும் வேறு. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் கடைசி நேரத்தில் தேதியை மாற்றலாமா? ஓராண்டின் இரவுகளை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாமா? இம்முறை பல இடங்களில் உண்டு. புளோரிடாவில் 1991-இல் தொடங்கிய டிஸ்னி நிறுவனத்தின் விடுமுறைக் கழகத்திலேயே இவ்வாண்டின் புள்ளிகளை மறு ஆண்டுக்குச் சேமித்து வைக்கலாம். ஏழு இரவுகளைப் பிரிக்கலாமா? உறுப்பினர் இறந்தால் ஒப்பந்தம் யாருக்கு, ஆண்டுக் கட்டணம் யார் தலையில்? வாய்மொழியாகச் சொன்னது எதுவும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் இல்லாததே. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இத்தகைய ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் விலகிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. நம் நாட்டில் பங்குமுறை விடுதிகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. பல நிறுவனங்கள் தாமாகவே சில நாள் அவகாசம் தருகின்றன. எத்தனை நாள் என்பதைக் கையெழுத்திடும் முன்பே பாருங்கள். தகராறு எழுந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஆர்லாண்டோவில் விடுதி எடுத்துவிட்டுப் பெற்றோரை அழைப்பதும் உண்டு. அங்கே விருந்தினராகச் செல்பவரின் டயாலிசிஸ் செலவு முழுவதும் அவரையே சாரும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பயணக் காப்பீடு பெரும்பாலும் பொருந்தாது. டிக்கெட் எடுக்கும் முன் எங்களிடம் பேசுங்கள்.

நோயாளியால் எவ்விதத்திலும் செல்ல முடியாத ஆண்டுகளும் வரும். அப்போது விடுதி இரவுகளை உடனிருந்து பார்த்துக்கொள்பவர் மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று ஒரு மகள் தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக. அந்த இரண்டு மூன்று நாள்களுக்கு வீட்டில் மாற்று ஆள் யார், மருந்து எப்போது, டயாலிசிஸுக்கு அழைத்துவருபவர் யார் என்பதை ஒரு தாளில் எழுதி எங்கள் செவிலியரிடம் ஒரு படி கொடுத்துவிட்டால் போதும்.

பயணம் செல்ல விரும்புவோர் ஆறு வாரங்களுக்கு முன்பாக டயாலிசிஸ் பிரிவின் பொறுப்புச் செவிலியரிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஜனவரிப் பயணமாயின் நவம்பர் மாதத்திலேயே. பரிசோதனை முடிவுகளைச் சேர்க்கவும், வெளியூர் மையத்துடன் பேசவும், பயணக் கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆயத்தம் செய்யவும் எங்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படுகிறது. கடிதத்தின் ஒரு படியை நோயாளியின் சட்டைப்பையிலும் மற்றொன்றை உடன்செல்பவரின் கைப்பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ, கைகால் தளர்ச்சியோ தோன்றினால் எங்களைத் தொலைபேசியில் அழைப்பதற்கு முன் 108-ஐ அழைத்து, அக்கடிதத்தை ஆம்புலன்ஸ் பணியாளரிடம் கொடுங்கள்.